சுற்று எண் மட்டும் காலி: வாசகர் கேள்வி பதில்

மூன்று இதழ்களுக்கு முன் இந்தப் பகுதியில், 'குத்துச்சண்டையில் பெரிய அதிர்ச்சி எது?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் ஜேம்ஸ் 'பஸ்டர்' டக்ளஸ், அதுவரை தோற்றே இராத உலக ஹெவிவெயிட் சாம்பியன் மைக் டைசனைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தியதுதான், அதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை என்று இரண்டு வரி எழுதினேன். அதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்து கிடக்கிறது. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் மரியாதையாக. அதனால் இந்த வாரம் சினிமாவுக்கும் அரசியலுக்கும் லீவு.

டைசன் தோற்ற செய்தி உங்களுக்கு முதலில் எப்படித் தெரிந்தது?
எம்.ஆர்., திண்டிவனம்

அப்போது ஒரு நாளிதழில் விளையாட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். டெலிபிரிண்டரில் வரும் ஆங்கிலத்தைத் தமிழாக்கி, கிரிக்கெட்டுக்குப் போக மிச்சமிருக்கும் இடத்தில் திணிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைவு. அதனால் சனிக்கிழமை ராத்திரியே ஒரு தாளில் தலைப்பை எழுதி டிராயரில் போட்டுவிட்டுப் போனேன்: '......வது சுற்றில் டைசன் வெற்றி'. சுற்று எண் மட்டும் காலி.

சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன் டைசன் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 37 சண்டை, 37 வெற்றி, அதில் 33 நாக் அவுட். அதற்கு முந்தைய சண்டையில் கார்ல் வில்லியம்ஸ் நின்றது 93 நொடி. 1988-இல் மைக்கேல் ஸ்பிங்ஸ் 91 நொடி. லாஸ் வேகாஸில் பெரும்பாலான சூதாட்ட விடுதிகள் டோக்கியோ சண்டைக்குப் பந்தயமே வாங்கவில்லை. மிராஜ் விடுதியில் வாங்கினார்கள். டக்ளஸ் மேல் ஒரு டாலர் கட்டினால் 42 டாலர். அவர்களுக்கே அந்த நம்பிக்கை என்றால், மவுண்ட் ரோடுக்குப் பின்சந்தில் உட்கார்ந்திருந்த எனக்கு என்ன?

சண்டை நடந்தது டோக்கியோவில் பட்டப்பகலில். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி டி.வி.யில் காட்ட வேண்டுமே, அதற்காக. நமக்கு ஞாயிறு காலை, ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்து மகாபாரதம் பார்க்கும் நேரம். தெருவில் நாய்கூட இல்லை. ஆபீசில் நானும் டெலிபிரிண்டரும். அது கடகடவென்று அடித்தது. டக்ளஸ் பெயர் முன்னால், டைசன் பெயர் பின்னால், நடுவில் 'தோற்கடித்தார்'. பெயர்களை மாற்றி அடித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அப்படித் தப்பு நடந்தால் கொஞ்ச நேரத்தில் 'திருத்தம்' என்று ஒரு வரி வரும். டீ வரவழைத்துக் குடித்தேன். திருத்தம் வரவில்லை. டைசன் தட்டுத்தடுமாறி மவுத்பீஸை (பல்லைக் காக்க வாயில் மாட்டுவது) தேடினார் என்று அடுத்த பத்தி வந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

எட்டாவது சுற்றில் டக்ளஸ் கீழே விழுந்து 13 நொடி கிடந்தார். அப்போதே டைசன் ஜெயித்தாகிவிட்டது. இது தெரியாமல் எழுதுகிறீரா?
பெயர் போடாத வாசகர், ஆம்பூர் முத்திரை

தெரியும் ஐயா. முப்பது வருடமாக இதே கடிதம் வந்துகொண்டிருக்கிறது, கையெழுத்துதான் மாறுகிறது.

ஒருவர் விழுந்ததும் ரிங்குக்கு வெளியே இருக்கும் நேரக்கணிப்பாளர் உடனே ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிடுவார். நடுவர் முதலில் அடித்தவரை யாருக்கும் சொந்தமில்லாத மூலைக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்து, வெளியே எண்ணிக்கொண்டிருப்பவரோடு சேர்ந்துகொள்ள வேண்டும். அவர் நான்கில் இருந்தால் இவர் ஐந்திலிருந்து. அன்றைக்கு மெக்ஸிகோ நடுவர் ஆக்டேவியோ மெய்ரான் சேர்ந்துகொள்ளவில்லை. தானே ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். தப்புதான். ஆனால் கீழே கிடப்பவன் காதில் விழுவது யாருடைய எண்? நடுவருடையது. டக்ளஸ் விழுந்த கடுப்பில் தரையை ஒரு குத்து குத்திவிட்டு, கண்ணை நடுவர் விரலில் வைத்துக்கொண்டு ஒன்பதில் எழுந்தார். நடுவர் வேகமாக எண்ணியிருந்தால் அவரும் வேகமாக எழுந்திருப்பார் என்பது என் கட்சி. நிரூபிக்க முடியாது, உங்கள் கட்சியையும்தான்.

இன்னொன்று. பத்தாவது சுற்றில் டைசன் விழுந்தபோதும் எண்ணியது இதே நடுவர்தான், இதே நிதானத்தில்தான். அதுவும் கடிகாரப்படி பத்து நொடியைத் தாண்டிய எண்ணிக்கை. அதற்கு யாரும் கடிதம் போடுவதில்லை.

அன்றைக்குச் சண்டை முடிந்ததும் டைசன் தரப்பில் அவர் சண்டைகளை ஏற்பாடு செய்யும் டான் கிங் இதைப் பிடித்துக்கொண்டு குதித்தார். உலகப் பட்டம் கொடுக்கும் மூன்று அமைப்புகளில் டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ. இரண்டும் முடிவை ஏற்காமல் நிறுத்திவைத்தன, ஐ.பி.எஃப். மட்டும் டக்ளஸ்தான் சாம்பியன் என்றது. அப்புறம் ரசிகர்களும் பத்திரிகைகளும் காறித் துப்பியதில் சில நாளிலேயே மற்ற இரண்டும் இறங்கிவந்தன. டைசன் ரசிகர்களே 'எங்க ஆளு அடி வாங்கினதை நாங்க கண்ணால பார்த்தோம்' என்றுதான் சொன்னார்கள். நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

டைசன் காசு வாங்கிக்கொண்டு விழுந்தார் என்கிறார்களே?
எஸ்., கோவில்பட்டி

டைசனுக்கு அந்தச் சண்டைக்குச் சம்பளமே சுமார் 60 லட்சம் டாலர். அடுத்து, பட்டத்துக்குப் போட்டியிட வரிசையில் முதலில் நின்ற ஹோலிஃபீல்டுடன் அதைவிடப் பெரிய தொகைக்குச் சண்டை காத்திருந்தது. ஹோலிஃபீல்டே டோக்கியோவில் ரிங் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு, பந்தயமே சரியாக வாங்காத ஒரு சண்டையில், இடது கண் முழுக்க மூடும் வரை அடி வாங்கிக் காசு பார்க்க வேண்டுமா? விலைக்கு விழுபவன் இரண்டாவது சுற்றிலேயே விழுந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

அது உண்மையான டைசனே அல்ல. பயிற்சி இல்லை, பழைய வாத்தியார் இல்லை, வீட்டில் பிரச்சினை. நல்ல டைசன் வந்திருந்தால் டக்ளஸ் மூன்று சுற்று தாங்குவாரா?
கே.பி., காரைக்குடி

வந்த கடிதங்களில் பாதி இதுதான். நீங்கள் சொல்வதில் எதுவும் பொய் இல்லை. அந்தப் பழைய வாத்தியார் கெவின் ரூனியை 1988 கடைசியிலேயே விலக்கிவிட்டார்கள். சண்டைக்குக் கொஞ்ச நாள் முன்னால் பயிற்சிச் சண்டையில் கிரெக் பேஜ் என்ற வீரர் டைசனைக் கீழே தள்ளினார். அது செய்தியாகவும் வந்தது. கார்னரில், அதாவது சுற்றுக்கு நடுவே வீரரைக் கவனிக்கும் மூலையில், இருந்தவர்கள் லட்சணம் இன்னும் மோசம். கண் வீங்கினால் அழுத்துவதற்கு, ஐஸில் போட்டு வைத்த சின்ன இரும்புத் துண்டு ஒன்று எல்லா கார்னரிலும் இருக்கும். உலக சாம்பியன் கார்னரில் அது இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி, முடிச்சுப் போட்டு, டைசன் கண்ணில் வைத்து ஒத்திக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டில் குழந்தைக்கு நெற்றியில் அடிபட்டால் இதைவிட ஒழுங்காகச் செய்வோம்.

ஆனால் நான் கேசட்டில் அந்தச் சண்டையைப் பார்த்த கதையைச் சொல்கிறேன். செய்தி வந்து ஒன்றரை மாதம் இருக்கும். அத்தை மகன் சிங்கப்பூரிலிருந்து கேசட் கொண்டுவந்தான். புதுப்பேட்டையில் அவன் வீட்டில் நாள் வாடகைக்கு டெக்கும் கலர் டி.வி.யும் எடுத்து, பன்னிரண்டு பேர் உட்கார்ந்தோம். அவன் மாமனார் ராயபுரத்துக்காரர். வாலிபத்தில் கிளவுஸ் போட்டவர், பிறகு பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். 1980-இல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிச் சண்டை போட்டபோது நேரில் போய்ப் பார்த்தவர். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

முடிவு எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பதினோரு பேரும் டைசனையே பார்த்துக்கொண்டிருந்தோம். 'இப்ப அடிப்பான் பாரு', 'இந்த ரவுண்டுல எழுந்துக்குவான்'. நடந்து முடிந்த சண்டை மாறிவிடும் என்பதுபோல. மூன்றாவது சுற்றில் வாத்தியார் பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்தார். டி.வி. பெட்டியில் டைசன் இருந்த பக்கத்தை உள்ளங்கையால் மூடினார். "இவன உடு. அந்தாண்ட இருக்கறவன் லெஃப்ட்ட பாருங்கடா."

பார்த்தோம். டக்ளஸின் கை நீட்டம் 83 அங்குலம், டைசனுடையது 71. ஒரு அடி வித்தியாசம். அந்த ஒரு அடியை டக்ளஸ் இடது கையால் ரிங்கின் நடுவில் வேலி மாதிரி போட்டு வைத்திருந்தார். டைசன் உள்ளே வர ஒரு எட்டு வைத்தால் மூக்கில் ஒரு ஜேப், முன்கையை நேராக நீட்டி விடும் குத்து. தலையை ஆட்டித் தப்பினால் பின்னாலேயே வலது கை. அதையும் தாண்டி நெருங்கினால் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, நடுவர் பிரித்துவிட்டதும் மறுபடி ஜேப். அதற்கு முன் டைசனோடு மோதிய பலர் பாதிச் சண்டையை லாக்கர் ரூமிலேயே பயந்து தோற்றவர்கள். இவர் பின்னால் நகரவே இல்லை. "பயப்பட்டவன் கால் இப்டி நிக்காது" என்றார் வாத்தியார். கையை எடுக்கவில்லை, சுற்று முடியும் வரை டைசன் இருந்த பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்தது அவர் விரல்கள்தான்.

டக்ளஸ் அப்படி நின்றதற்குக் காரணம் சொல்வார்கள். சண்டைக்கு 23 நாள் முன்னால் அவர் அம்மா லூலா பேர்ல் இறந்துபோனார். என் மகன் டைசனை அடிப்பான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அம்மா. சண்டையைத் தள்ளி வைக்கலாம் என்றதற்கு இவர் ஒத்துக்கொள்ளவில்லை. துக்கம் மட்டும் ஜேப் கற்றுத் தராது என்பதும் உண்மை. அப்பா பில் டக்ளஸ் குத்துச்சண்டை வீரர். கொலம்பஸ் ஊரில் சின்ன வயதிலிருந்து பிள்ளையைப் பழக்கியவர். 1987-இல் ஐ.பி.எஃப். பட்டத்துக்கு டோனி டக்கருடன் மோதி, நன்றாகப் போய்க்கொண்டிருந்த சண்டையைப் பத்தாவது சுற்றில் கோட்டைவிட்டவர் இதே டக்ளஸ். கை இருக்கிறது, மனசு இல்லை என்று அவரைச் சொல்லாதவர் கிடையாது. டோக்கியோவிலும் வந்தது அதே பத்தாவது சுற்று. ஒரு வலது அப்பர்கட், கீழிருந்து மேலே தாடைக்கு. டைசன் முகம் மேலே கூரையைப் பார்த்தது. அது கீழே இறங்குவதற்குள் நாலு குத்து. தொழில்முறைச் சண்டையில் முதல்முறையாக டைசன் கீழே. முழங்காலில் தவழ்ந்து, மவுத்பீஸைத் தேடி எடுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனை வெளியே தொங்க எழுந்தார். நடுவர் அவரைக் கட்டிப்பிடித்து முடித்துவைத்தார்.

டக்ளஸ் விழுந்த எட்டாவது சுற்றில் எங்கள் அறையில் விசில் அடித்தவன் ஒருவன். டைசன் விழுந்தபோது யாரும் மூச்சு விடவில்லை. வாத்தியார் மட்டும் ஒருமுறை கைதட்டினார். கொசு அடித்த மாதிரி, ஒரே ஒரு தட்டு.

நல்ல டைசன் வந்திருந்தால் என்கிறீர்கள். வந்திருக்கலாம். அந்த டக்ளஸும் அதற்கு முன் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து, 1990 அக்டோபரில், ஹோலிஃபீல்டிடம் மூன்றே சுற்றில் விழுந்தார். டோக்கியோவில் 231 பவுண்டு இருந்தவர் அன்றைக்கு 246. உடனே எல்லாரும் என்ன சொன்னார்கள்? 'பார்த்தீர்களா, அது குருட்டு அதிர்ஷ்டம்தான்.' தோற்ற டைசனுக்கு ஆயிரம் காரணம் கொடுத்த அதே ரசிகர்கள், தோற்ற டக்ளஸுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

சண்டை பத்தாவது சுற்றோடு நிற்காமல் இருந்திருந்தால்?
டி., விருத்தாசலம்

ஒன்பது சுற்று முடிவில் ஒரு நீதிபதி டைசன் முன்னிலை என்று போட்டிருந்தார், 87-86. இன்னொருவர் 86-86, சமம். மூன்றாமவர் 88-82, டக்ளஸ். அந்த முதல் இரண்டு பேர் பார்த்த சண்டை எது என்று கண்டுபிடித்துச் சொல்பவருக்கு இந்தப் பத்திரிகை ஒரு வருடச் சந்தா இலவசம் (ஆசிரியரைக் கேட்கவில்லை).

2019-இல் ஆன்டனி ஜோஷுவா தோற்ற அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே எழுந்துபோய் மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டார். இட்லி ஆறி, மதியச் சாப்பாடும் ஆறியது. முகம் தெரியாத ஒருவர் தோற்றதற்கு இப்படியும் உண்டா?
ஒரு வாசகி, திருப்பூர்

உண்டு அம்மா. அதுவும் அந்தத் தோல்வி இட்லியை ஆற வைக்கிற தோல்விதான். ஜோஷுவா பிரிட்டனின் ஹெவிவெயிட் சாம்பியன், 22 சண்டையில் 22 வெற்றி. சிலை மாதிரி உடம்பு. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அமெரிக்காவுக்கு முதல் தரிசனம். மோத வேண்டிய ஜாரல் மில்லர் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொண்டதால் கடைசி நேரத்தில் பிடித்துப்போட்ட ஆள் ஆண்டி ரூயிஸ். 268 பவுண்டு. நம் கணக்கில் 121 கிலோவுக்கு மேல், அதில் பாதி வயிற்றில் இருப்பதுபோல் தெரியும். சட்டையைக் கழற்றியதும் அரங்கமே சிரித்தது.

உங்கள் கணவரும் சிரித்திருப்பார், கேட்டுப் பாருங்கள். மூன்றாவது சுற்றில் ஜோஷுவா அவரைக் கீழே தள்ளினார். அத்துடன் கதை முடிந்தது என்று முடித்துவிடப் பாய்ந்தவர், ரூயிஸின் இடது கை காதோரம் விழுந்ததும் தானே விழுந்தார். அதே சுற்றில் இன்னொரு முறை. ஏழாவதில் இரண்டு முறை. நடுவர் நிறுத்தினார். வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையைப் பார்க்கவில்லை. அந்த உடம்பில் அவ்வளவு வேகமான கை இருந்தது. மொட்டை மாடிக்குப் போனது தோல்விக்காக மட்டும் இல்லை, சிரித்ததற்காகவும் இருக்கலாம்.

டிசம்பரில் சவுதியில் மறுசண்டை. ரூயிஸ் 283 பவுண்டோடு வந்தார்; ஜோஷுவா இளைத்து வந்து, கிட்டவே போகாமல், பன்னிரண்டு சுற்றும் தள்ளி நின்று ஜேப் போட்டே பட்டத்தை வாங்கிக்கொண்டார். அன்றைக்காவது சூடாகச் சாப்பிட்டாரா உங்கள் கணவர்?

லெனாக்ஸ் லூயிஸ்?
ஜே., நாசரேத்

2001 ஏப்ரல், தென்னாப்பிரிக்கா, ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் பிராக்பன். ஏற்காட்டைவிட உயரமான இடம், மூச்சு வாங்கும். ஹசிம் ரஹ்மான் முன்கூட்டியே போய் அந்தக் காற்றுக்குப் பழகினார். லூயிஸ் ஹாலிவுட் படத்தில் தலைகாட்டிவிட்டு, தாமதமாக வந்தார். ஐந்தாவது சுற்று, ரஹ்மானின் ஒரே வலது கை, உலக சாம்பியன் லூயிஸ் கீழே. நவம்பரில் லூயிஸ் நாலாவது சுற்றில் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதில் எனக்கு அழுகை வரவில்லை.

1978-இல் அலி, லியான் ஸ்பிங்ஸிடம் தோற்றது இதையெல்லாம்விடப் பெரிது இல்லையா? ஸ்பிங்ஸுக்கு அது எட்டாவது தொழில்முறைச் சண்டைதானே?
வி., மன்னார்குடி

அனுபவக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அலிக்கு அப்போது வயது 36, பயிற்சியில் பாதியைப் பேச்சில் கழித்தவர். 15 சுற்றும் நின்று புள்ளியில் தோற்றார். ஏழு மாதத்தில் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். மனசு ஆறிவிடும் அதிர்ச்சி அது. ராயபுரம் வாத்தியார் மட்டும் தான் சாகும் வரை ஸ்பிங்ஸ் பெயரை வாயால் சொல்லவில்லை. 'அந்தப் பல்லு போனவன்' என்பார். லெஃப்ட்டைப் பார்க்கச் சொன்னவருக்கும் ஒரு அலி இருந்தார்.

நான் பழைய பத்திரிகைக் கட்டிங் சேகரிப்பவன். டைசன் தோல்வியை உங்கள் நாளிதழ் எப்படிப் போட்டது?
ஆர்.எஸ்., செய்யாறு

என்னிடம் அந்தப் பக்கம் இருக்கிறது, பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து. தரமாட்டேன். சொல்கிறேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் நெல்சன் மண்டேலா 27 வருடச் சிறைக்குப் பிறகு வெளியே நடந்து வந்தார். முதல் பக்கம் முழுக்க அவர்தான். அங்கே இடம் இல்லாமல் வழிந்ததெல்லாம் உள்ளே வர, என் பக்கத்தில் பாதி போய்விட்டது. நேரமும் இல்லை. டிராயரிலிருந்த தாளை எடுத்தேன். 'வெற்றி'யை அடித்து 'தோல்வி' என்று எழுதி, காலியிடத்தில் 10 போட்டேன். 10-வது சுற்றில் டைசன் தோல்வி. அப்படியே அச்சுக்குப் போனது. டக்ளஸ் பெயர் தலைப்பில் இல்லை, செய்தியில் மூன்றாவது வரியில் இருக்கிறது. ஆம், இத்தனை பேருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருக்கும் நான்தான் அதைச் செய்தேன்.

படம் வேண்டும் என்றார்கள். ஆபீஸ் படக்கட்டில் டக்ளஸ் படம் கிடையாது, எப்படி இருக்கும்? டைசன் படம் ஒன்றே ஒன்று இருந்தது, ஏதோ ஒரு சண்டையில் ஜெயித்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பது. அதைப் போட்டோம்.

நாலு நாள் கழித்து வந்தவாசியிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஒரே வரி: 'ஐயா, தோற்றவர் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்?'